ஜிம்னிக்கு ஏ.டி. டயரும் புது வீலும்: அளவு பார்ப்பதிலிருந்து கடைசி நட்டு வரை

2023 ஜூனில் இந்தியச் சந்தைக்கு வந்த ஐந்து கதவு மாருதி ஜிம்னி, ஷோரூமிலிருந்து 195/80 ஆர்15 டயரோடு வருகிறது (அகலம் 195 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 15 அங்குலம்). ரிம்மின் அகலம் ஐந்தரை அங்குலம். தார்ச்சாலைக்கு இது போதும். மழையில் ஊறிய செம்மண் பாதையில் ஏறினால் கதை மாறும். ஹைவே டயரின் குறுகலான காடிகளில் சேறு அப்பிக்கொள்ள, நாலு சக்கரமும் சுழன்றும் வண்டி நகராது. கூர்மையான சரளைக்கற்களில் டயரின் பக்கச்சுவர் கிழிவது அடுத்த தொல்லை. ஏ.டி. என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் ஆல் டெரெய்ன் டயர் இந்த இரண்டுக்கும் மருந்து.

சஸ்பென்ஷனைத் தொடாமல், பம்பரை வெட்டாமல், தினமும் ஊருக்குள்ளும் அவ்வப்போது மலைக்கும் ஓட்டுகிறவர்களுக்காக எழுதியது இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: 215/75 ஆர்15 டயர், 15 அங்குல விட்டமும் 6 அங்குல அகலமும் உள்ள வீல், ஆஃப்செட் (வீல் உள்ளேயோ வெளியேயோ தள்ளி நிற்கும் அளவு, மி.மீ.) 0 முதல் மைனஸ் 5 வரை. ஏன் இதற்கு மேல் போக வேண்டாம் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

டயர் அளவின் கணக்கு

195/80 ஆர்15 டயரின் மொத்த விட்டம் 693 மி.மீ. 215/75 ஆர்15 டயருக்கு 703.5 மி.மீ. வித்தியாசம் பத்தரை மி.மீ., அதாவது 1.5 சதவீதம். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது முன்பு போன வேகத்தைவிட மணிக்கு 1.2 கி.மீ. கூடுதலாகப் போவீர்கள். கியர் விகிதமும் அதே அளவுதான் நீளும். 134 நியூட்டன் மீட்டர் இழுவை உள்ள ஒன்றரை லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு அது பாரமில்லை.

235/75 ஆர்15 போட்டால் விட்டம் 733.5 மி.மீ. ஆகிவிடும், கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடுதல். அப்போது சஸ்பென்ஷனை 40 முதல் 50 மி.மீ. உயர்த்தும் லிஃப்ட் வேண்டும். லிஃப்ட் செய்தால் முன் ஆக்ஸிலின் காஸ்டர் கோணம் (ஸ்டியரிங் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும், ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புவது மந்தமாகும். அதைச் சரிசெய்யத் தனி புஷ் மாற்ற வேண்டும், பம்பரின் அடிமூலையையும் வெட்ட வேண்டும். மேட்டில் இழுவையும் குறைந்திருக்கும். ஒரு டயர் ஆசை எத்தனையோ வேலைகளை இழுத்துவரும்.

பலர் தவறாக நினைக்கும் ஒன்று: பெரிய டயர் போட்டால் வண்டியின் அடி நன்றாக உயர்ந்துவிடும் என்பது. விட்டத்தில் கூடுவதில் பாதிதான் உயரத்துக்கு வரும். 215/75-இல் உயர்வது ஐந்து மி.மீ.தான். இந்த மாற்றத்தில் கிடைப்பது பிடிமானமும், பக்கச்சுவரின் பலமும், காற்றைக் குறைத்து ஓட்டும் வசதியும். உயரத்துக்காகச் செய்வதென்றால் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

215/75 ஆர்15-க்கு இன்னொரு வலுவான காரணம் உண்டு. மகிந்திரா பொலேரோவின் டயர் அளவு இதுதான். பாதி வழியில் டயர் கிழிந்தாலும் சின்ன ஊர் டயர் கடையில்கூட இந்த அளவு கிடைக்கும். 195/80 ஆர்15 அப்படிக் கிடைக்காது.

டயரின் பக்கச்சுவரில் என்ன படிக்க வேண்டும்

எடை எண்: வண்டியோடு வந்த டயரில் 96 என்றிருக்கும், அது ஒரு டயருக்கு 710 கிலோ. புதியது அதற்குக் குறையக் கூடாது. 215/75 ஆர்15-இல் பெரும்பாலும் 100, அதாவது 800 கிலோ, இருக்கும். வேக எழுத்து எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ. வரை. தயாரித்த காலம் நான்கு இலக்கமாக இருக்கும். 1425 என்றால் 2025-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். ஒரு வருடத்துக்கு மேல் கடையில் கிடந்த டயரை வாங்காதீர்கள். ஐந்து டயரிலும் அந்த எண் அருகருகே இருக்கட்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் இருக்க வேண்டும்.

எல்.டி. என்று தொடங்கும் அளவைக் கவனமாகப் பாருங்கள். அது சுமைவண்டிக்கான கட்டுமானம். பக்கச்சுவர் தடிமன், எடையும் அதிகம். பத்து பிளை (அடுக்கு) எல்.டி. டயர் இரண்டரை டன் வண்டிக்குப் பொருந்தும், 1,200 கிலோ ஜிம்னிக்கு அது கட்டை போல இருக்கும். வண்டியின் எடை அந்தச் சுவரை வளைக்கவே போதாது. காற்றைக் குறைத்தாலும் தரையில் படியாது, பள்ளத்தில் குதிக்கும். சாதாரணக் கட்டுமானத்தில் வரும் ஏ.டி. போதும். கூர்மையான பாறைப் பாதையே அதிகம் என்றால் எல்.டி.யில் சி வகை (ஆறு பிளை) வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

எம்.டி. என்ற சேற்று டயரைத் தினசரி ஓட்டத்துக்கு வாங்காதீர்கள். ஈரத் தார்ச்சாலையில் அதன் பிரேக் பிடிமானம் ஏ.டி.யைவிட மோசம். ஏ.டி.யிலேயே ஹைவே டயரைவிட நிற்கும் தூரம் சற்றுக் கூடும் என்பதை மழைக்காலத்தில் மறக்க வேண்டாம்.

வீல்: நான்கு எண்கள்

டயரைவிட வீலில்தான் பணம் வீணாகிறது. பார்க்க அழகாக இருக்கும், வண்டியில் மாட்டினால் உட்காராது.

முதலாவது பி.சி.டி., அதாவது நட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம். ஜிம்னிக்கு ஐந்து துளை, 139.7 மி.மீ. வட்டம். அடாப்டர் போட்டு வேறு பி.சி.டி. வீலை மாட்டும் யோசனை வேண்டாம்.

இரண்டாவது நடுத்துளை. ஜிம்னியில் வீல் மாட்டும் முன்சக்கர ஹப் பெரிய உருளையாக வெளியே துருத்தி நிற்கும், அதற்கு 108 மி.மீ. துளை வேண்டும். பி.சி.டி. சரியாக இருந்தும் துளை சிறியதென்றால் வீல் ஹப்பின் மேலேயே நின்றுவிடும். அதைக் கடைசலில் பெரிதாக்கித் தருகிறேன் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். துளையின் மையம் கால் மி.மீ. பிசகினாலும் ஆயுள் முழுக்க அதிரும். நடுவில் மாட்டும் மூடிக்கும் ஹப்பின் நீளத்துக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே அது. கம்பெனி வீலுக்குப் பிளஸ் 5. அந்த வீலில் 195 டயரின் உட்பக்கச் சுவர் ஹப் முகத்திலிருந்து 102.5 மி.மீ. உள்ளேயும், வெளிச்சுவர் 92.5 மி.மீ. வெளியேயும் இருக்கும். ஆஃப்செட் 0 வீலில் 215 டயர் போட்டால் இரு பக்கமும் 107.5. அதாவது உள்ளே 5 மி.மீ., வெளியே 15 மி.மீ. கூடும். மைனஸ் 5 என்றால் உட்பக்கம் பழைய அளவுதான், வெளியே 20 மி.மீ. கூடும். இந்த இரண்டும் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவுப் பிளாஸ்டிக்குக்குள் அடங்கும்.

மைனஸ் 20, மைனஸ் 25 போட்டு டயரை வெளியே துருத்த விட்டால் சேறும் கல்லும் கண்ணாடி வரை தெறிக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், ஸ்டியரிங் திரும்பும் அச்சிலிருந்து டயர் விலகிப்போவது. ஒவ்வொரு பள்ளமும் ஸ்டியரிங்கைப் பிடுங்கும், வீல் பேரிங்கில் சுமை ஏறும். ஸ்பேசர் போடுவதும் இதே தவறுதான், அதோடு கழன்றுவிடக்கூடிய ஒரு பாகமும் சேர்கிறது.

நான்காவது நட்டு. எம்12 ஸ்டட் (ஹப்பில் நீட்டி நிற்கும் 12 மி.மீ. போல்ட்), 1.25 மி.மீ. மரை, 60 டிகிரி கூம்பு முகம். டொயோட்டா வண்டிகளின் நட்டு 1.5 மி.மீ. மரை. கையில் பார்த்தால் ஒரே மாதிரி தெரியும், இரண்டு சுற்று ஏறவும் ஏறும். பிறகு இயந்திரத்தால் முடுக்கினால் ஸ்டட்டின் மரையே போய்விடும். வீல் பெட்டியோடு வந்த நட்டை நம்பாமல், கழற்றி வைத்த ஸ்டட்டிலோ ஜாக்கியில் நிற்கும் வண்டியிலோ விரலால் கடைசி வரை சுற்றிப் பாருங்கள். கூம்புக்குப் பதில் உருண்டை முகமோ தட்டை வாஷரோ கேட்கும் வீல்களும் உண்டு, நட்டின் முகமும் துளையின் முகமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இவற்றோடு வீலின் பின்பக்கத்தில் வார்த்திருக்கும் எடைத் திறனைப் படியுங்கள். ஆட்களும் சாமானும் ஏறிய நிலையில் ஜிம்னியின் மொத்த எடை 1,545 கிலோ. ஒரு வீலுக்கு 600 கிலோவுக்குக் குறைந்ததை எடுக்காதீர்கள். ஜப்பானிய அலாய் வீல் தரமான ஜே.டபிள்யூ.எல். முத்திரையும் இருக்க வேண்டும். எதுவுமே பொறிக்காத வீல் என்ன விலையானாலும் வேண்டாம்.

ஐந்து வீல், ஐந்து டயர், ஐந்து வால்வு, இருபது நட்டு. நான்கு மட்டும் வாங்குவது இந்த வண்டியில் பெரிய தவறு. ஜிம்னியில் முன் பின் ஆக்ஸிலுக்கு நடுவே, இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் கிடையாது. நான்கு சக்கரமும் இழுக்கும் 4எச்-இல் போட்டதும் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். 693 மி.மீ. ஸ்டெப்னியும் 703 மி.மீ. டயரும் சேர்ந்து ஓடினால் அந்த வித்தியாசம் முறுக்காகச் சேர்ந்து, விசையை முன்னும் பின்னும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் வந்து நிற்கும். லீவர், பின்சக்கரம் மட்டும் இழுக்கும் 2எச்-க்குத் திரும்ப மறுக்கும், சங்கிலியும் கியரும் தேயும்.

டயர் போடுவதற்கு முன் வெறும் வீலை மாட்டுங்கள்

டயர் ஏற்றிய வீலைக் கடை திரும்ப எடுக்காது. ஆகவே ஒரு வெறும் வீலை முன்பக்கம் மாட்டி, இரண்டு நட்டு கையால் முடுக்கிச் சுற்றிப் பாருங்கள். ஹப் முகத்தில் முழுதாக ஒட்டுகிறதா? ரிம்மின் உட்புறத்துக்கும் பிரேக் காலிப்பருக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது? ஒட்டும் பேலன்ஸ் எடையின் தடிமன் போக 3 மி.மீ.யாவது மிஞ்ச வேண்டும். எடை எந்த வரிசையில் ஒட்டினால் காலிப்பரில் இடிக்காது என்று மார்க்கரால் உள்ளே ஒரு கோடு போட்டு டயர் கடையில் காட்டுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் முதல் சுற்றிலேயே காலிப்பர் அந்த எடையைச் சீவி எறிந்துவிடும்.

டயர் கடையில்

பழைய வால்வை மாற்றாமல் விட இடம் கொடுக்காதீர்கள். ரிம்மின் ஓரத்திலும் டயரின் விளிம்பிலும் சோப்புக் குழம்பு தடவித்தான் ஏற்ற வேண்டும். காற்று நிரப்பும்போது இரண்டு முறை டப்பென்று சத்தம் வரும், விளிம்பு உட்கார்ந்துவிட்டது என்று பொருள். 40 பி.எஸ்.ஐ. வரை ஏற்றியும் உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி மறுபடி சோப்பு தடவ வேண்டும். மேலும் ஏற்றினால் விளிம்புக் கம்பி அறுந்து வெடிக்கும். உட்கார்ந்த பிறகு, டயரில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா பாருங்கள். டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேரே வர வேண்டும்.

பேலன்சிங்தான் ஜிம்னிக்கு உயிர்நாடி. முன்னால் ஒரே தண்டான ஆக்ஸில் உள்ள வண்டி இது, சிறு பேலன்ஸ் குறையும் 50 முதல் 70 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் வெடவெடவென்று ஆடுவதாக வெளிப்படும். பேலன்சிங் இயந்திரத்தில் வீலை நடுத்துளை வழியே கூம்பு வைத்துப் பிடிப்பார்கள். 108 மி.மீ. துளைக்கு ஏற்ற பெரிய கூம்பு பல கடைகளில் இருப்பதில்லை. சின்னக் கூம்பை வைத்து ஒப்பேற்றினால் வீல் மையம் விலகி நிற்கும், இயந்திரம் பூஜ்யம் காட்டும், வண்டி மட்டும் ஆடும். சோதிக்க எளிய வழி: பேலன்ஸ் முடிந்ததும் வீலைக் கழற்றி, அரைச்சுற்று திருப்பி மறுபடி பூட்டி ஓட்டச் சொல்லுங்கள். 10 கிராமுக்கு மேல் காட்டினால் பிடித்த விதம் தவறு, வேறு கடைக்குப் போங்கள்.

மாட்டும் முறை

வேண்டியவை: இரண்டு டன் ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, சக்கரத்துக்கு வைக்கும் கட்டைகள், 19 மி.மீ. சாக்கெட், முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச், கம்பி பிரஷ், துணி. வெளியில் வாங்கிய வீலின் நட்டுக் குழி குறுகலாக இருந்தால் மெல்லிய சுவர் சாக்கெட் வேண்டும்.

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஹேண்ட்பிரேக் பின்சக்கர டிரம்மில் மட்டும்தான் பிடிக்கும் என்பதால் பின்பக்கம் தூக்கும்போது கட்டைதான் காவல். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்துங்கள். ஜாக்கியை ஆக்ஸில் குழாயின் அடியில் கொடுங்கள். ஸ்டியரிங் தண்டுக்கோ அதன் ஆட்டத்தை அடக்கும் டேம்பருக்கோ அடியில் கொடுத்தால் வளைந்துவிடும். தூக்கியதும் ஸ்டாண்டு.

பழைய வீல் வந்ததும் ஹப் முகத்தைப் பாருங்கள். ஸ்டட்டுகளைச் சுற்றித் துரு வளையமாகப் பொரிந்திருக்கும், விரல் வைத்தால் காவி நிறத் தூள் ஒட்டும். மணல் துகள் அளவு துரு நடுவில் மாட்டினாலே வீல் ஒரு பக்கம் தூக்கி நிற்கும், சில நூறு கி.மீ. ஓடியதும் அது நசுங்கி நட்டு தளரும். உலோகம் மின்னும் வரை கம்பி பிரஷால் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். நடு உருளையில் மட்டும் ஒரு பூச்சு கிரீஸ் போதும். ஸ்டட்டில் எண்ணெயோ கிரீஸோ கூடாது. வழுக்கும் மரையில் டார்க் ரென்ச் 100 காட்டும்போது ஸ்டட் அதற்கு மேல் இழுபட்டிருக்கும்.

புது வீலை ஏற்றி ஐந்து நட்டையும் விரலாலேயே முழுதும் சுற்றுங்கள். ஒன்று இறுகினாலும் எடுத்துவிட்டு மரையைப் பாருங்கள். பிறகு நட்சத்திர வரிசை: ஒன்று, மூன்று, ஐந்து, இரண்டு, நான்கு. சக்கரம் காற்றில் இருக்கும்போது லேசாக, இறக்கிய பிறகு 50 நியூட்டன் மீட்டர், அடுத்த சுற்றில் 100. இம்பாக்ட் கன்னால் கடைசிவரை முடுக்கி, அதன்மேல் டார்க் ரென்ச்சை வைத்துக் கிளிக் கேட்பதில் பயனில்லை. 100-ஐத் தாண்டியிருந்தாலும் அது கிளிக் என்றுதான் சொல்லும். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் வீல் ஆறியதும் மறுபடி பாருங்கள். புது அலாயின் பெயின்ட் நசுங்குவதால் முதல் முறை கால்சுற்று ஏறுவது சகஜம். மூன்றாவது முறையும் ஏறினால் நட்டின் முகம் பொருந்தவில்லை.

ஸ்டெப்னியைப் பின்கதவில் மாட்டும்போது, கதவின் ரப்பர் தாங்கிகளில் டயர் அழுத்தி நிற்க வேண்டும். இடைவெளி இருந்தால் கரடுமுரடில் ஸ்டெப்னி ஆடி ஆடிக் கீலைத் தளர்த்திவிடும்.

உரசுகிறதா?

டயரின் தோள்பகுதியில் சாக்பீஸை அழுத்திப் பூசுங்கள். ஸ்டியரிங்கை முழுதும் இடம், முழுதும் வலம் ஒடித்து முன்னும் பின்னும் ஓட்டுங்கள். முழு ஒடிப்பில் ரிவர்ஸ் போய்ப் பிரேக் அடித்தும் பாருங்கள், ஆக்ஸில் சற்று நகர்வதால் அப்போதுதான் சில உரசல் தெரியும். பிறகு ஒரு முன்சக்கரத்தை மட்டும் 20 செ.மீ. உயரத் திட்டில் ஏற்றி, அதே நிலையில் மெதுவாக ஒடியுங்கள். சாக்பீஸ் அழிந்த இடத்தைப் பாருங்கள். பம்பரின் பின்மூலையிலோ மட்ஃபிளாப்பிலோ லேசாகப் பட்டால் கிளிப்பை நகர்த்திச் சரிசெய்யலாம். உள்ளே ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் இரும்புக் கையில் பட்டால் ஆஃப்செட் தவறு, வீலை மாற்றுவதைத் தவிர வழியில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங் முழு ஒடிப்புக்கு அருகே போகும், அங்கே உரசும் டயர் ஒரே பயணத்தில் தோள் தேய்ந்துவிடும்.

அடுத்து அலைன்மென்ட். முன்பக்கம் தண்டு ஆக்ஸில் என்பதால் டோ (மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் திருத்த முடியும். கேம்பரும் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) காஸ்டரும் சரிசெய்துவிட்டோம் என்று பில் போட்டால் என்னத்தைத் திருகினார்கள் என்று கேளுங்கள்.

காற்று

டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவிலிருந்து தொடங்குங்கள். டயரின் குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டு நூறு மீட்டர் நேராக மெதுவாகப் போங்கள். நடு மட்டும் அழிந்தால் காற்று அதிகம், இரு ஓரம் மட்டும் அழிந்தால் குறைவு. ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. மாற்றிப் பாருங்கள், சாலைக்கு ஸ்டிக்கரில் உள்ளதற்குக் கீழே போக வேண்டாம். டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஓடிய சூட்டில் இரண்டு முதல் நான்கு பி.எஸ்.ஐ. ஏறும், அதை இறக்கிவிடாதீர்கள்.

சரளைக் காட்டுப்பாதைக்கு 20 முதல் 22, ஈரப் பாறைக்கு 18 முதல் 20, தேரி போன்ற உதிரி மணலுக்கு 14 முதல் 16. 20-க்குக் கீழே 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது, சட்டென்று திருப்பவும் கூடாது. விளிம்பு ரிம்மைவிட்டு நழுவும். சாலை ஏறுமுன் திரும்ப நிரப்ப கம்ப்ரஸர் கையில் இல்லையென்றால் காற்றைக் குறைக்கவே வேண்டாம். கம்ப்ரஸர் பேட்டரியில் நேராகப் பூட்டும் வகையாக இருக்கட்டும், சிகரெட் லைட்டர் துளையில் செருகுவது பெரிய டயருக்குத் திணறும்.

ஆட்டம் வந்தால்

வேகம் கூடக்கூட அதிர்வு கூடினால் பேலன்ஸ். 50 முதல் 70-க்குள் மட்டும் ஸ்டியரிங் பலமாக ஆடி, வேகம் குறைந்ததும் நின்றால், முதலில் நட்டின் டார்க், பிறகு பேலன்ஸ், பிறகு முன்சக்கரங்களைப் பின்னால் மாற்றிப் பார்ப்பது. அப்படியும் போகாவிட்டால் கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங்கின் இறுக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டியரிங் டேம்பரை மட்டும் மாற்றினால் ஆட்டம் சில மாதம் ஒளிந்திருக்கும், காரணம் அப்படியே இருக்கும். ஒரு பக்கம் இழுத்தால் முன்டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றுங்கள். இழுப்பும் மாறினால் டயரில் குறை, மாறாவிட்டால் அலைன்மென்ட்டிலோ பிரேக்கிலோ குறை.

முதல் 300 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள், புது டயரின் மேல்பூச்சு தேயும் வரை ஈரத்தில் வழுக்கும். 8,000 கி.மீ.க்கு ஒருமுறை ஐந்து டயரையும் சுழற்றுங்கள்: பின்டயர்கள் நேராக முன்னால், முன்வலம் பின்இடத்துக்கு, முன்இடம் ஸ்டெப்னிக்கு, ஸ்டெப்னி பின்வலத்துக்கு. ஏ.டி. டயரின் மேல்பரப்பிலுள்ள ரப்பர் கட்டைகள் ஒரு முனை தேய்ந்து ரம்பப் பல் போல ஆவதும், உறுமல் சத்தம் ஏறுவதும் சுழற்றாமல் விட்டதால்தான்.

காகித வேலை ஒன்று உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. மாற்றும் முன்பே புதிய டயர், வீல் அளவைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துப் பதிலை வாங்கி வையுங்கள், சர்வீஸ் சென்டரிலும் வாரன்டி பற்றி எழுத்திலேயே கேளுங்கள். கழற்றிய ஐந்து கம்பெனி வீலையும் விற்காமல், காற்றைப் பாதியாக்கி, வெயில் படாத இடத்தில் படுக்கவைத்து அடுக்கி வையுங்கள்.